சீட்டின் கீழ்ப்பாதி

போன வாரம் தராசம்மாவை ஸ்கேன் மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அசையாமல் கிடக்கிறாள். எழுப்பிவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி அவள். தராசம்மா என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். வயது அறுபத்து நாலு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எண்பத்து மூன்று கிலோ இருந்தாள். முட்டி வலி, சர்க்கரை, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. ஒரே மகள் எடைக்குறைப்பு மையம் ஆரம்பித்தபோது முதல் உறுப்பினராகச் சேர்ந்தாள். இப்போது அறுபத்தொன்று. மைய வாசலில் ஆளுயரப் படம் வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் குண்டு தராசம்மா, வலது பக்கம் ஒல்லி தராசம்மா.

இன்று சாயங்காலம் மகளின் இரண்டாவது கிளைக்குத் திறப்பு விழா. நூறு பெண்கள் முன்னால் அம்மா மெஷினில் ஏறிக் காட்டவேண்டும். நடுவில் இந்த முதுகுவலி வந்து தொலைத்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாள், முதுகில் சுரீர் என்றது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தாள். வலி போகவில்லை. ஸ்கேனுக்கு வந்தாள்.

"சுளுக்கு இல்லம்மா," என்றாள் டாக்டர். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண். "முதுகெலும்புல ஒரு எலும்பு அமுங்கி உடைஞ்சிருக்கு."

"நான் விழவே இல்லையே!"

"விழணும்னு அவசியமில்லை. உங்க எலும்பு இருக்கிற லட்சணத்துக்கு வாளியே போதும். எலும்புப்புரைன்னு சொல்வோம். உள்ளே ஓட்டை ஓட்டையா அரிச்சுப்போயிருக்கு. எடை ஏதாவது குறைச்சீங்களா?"

"இருபத்திரண்டு கிலோ," என்றாள் தராசம்மா. அந்தச் சமயத்திலும் குரலில் ஒரு பெருமை வந்துவிட்டது.

டாக்டர் கைதட்டவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த எண்ணைக் கேட்டுக் கைதட்டாத முதல் ஆள் அவள்தான்.

"எதைக் குறைச்சீங்க?"

"அதான் சொன்னேனே, இருபத்திரண்டு கிலோ."

"அது எவ்வளவுன்னு சொன்னீங்க. எதுன்னு கேக்கறேன். கொழுப்பா, சதையா, எலும்பா?"

தராசம்மாவின் உத்தியோகத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. தட்டில் இருப்பது அரிசியா ஆணியா என்று அவள் பார்த்ததில்லை. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ, அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். "கை கால்ல சதையே இல்லம்மா உங்களுக்கு. சதை இழுத்தாதான் எலும்புக்கு வேலை. வேலை இல்லாத எலும்பு கரையும். எடையைக் குறைச்சது தப்புன்னு சொல்லலை, உங்க முட்டிக்கும் சர்க்கரைக்கும் அது வேணும். குறைச்ச விதம்தான் தப்பு. வெயிட் தூக்கற பயிற்சி எதாவது குடுத்தாங்களா?"

"இந்த வயசுல வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொன்னா என் பொண்ணு."

"முட்டை, பருப்பு, பால்?"

"சூப்பு."

"சூப்பு?"

"காலைல சூப்பு. ராத்திரியும் சூப்பு."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தாள். கோபத்தை அடக்குகிறாள் என்று தெரிந்தது. தராசம்மாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தனக்காகக் கோபப்பட ஒரு ஆள் இருக்கிறதே.

"எடை பாத்த மெஷின் எப்படி இருக்கும்? கைப்பிடி உண்டா?"

"ஆமா. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வெறுங்காலோட நிக்கணும்."

"அப்ப அது சதை, கொழுப்பு எல்லாம் சீட்டுல அடிச்சுக் குடுக்குமே. உத்தேசக் கணக்குதான், இருந்தாலும் உதவும். பழைய சீட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

"என் சீட்டுல தேதியும் எடையும்தான் இருக்கும்."

"அப்படி இருக்காதே," என்றாள் டாக்டர். பிறகு மருந்து எழுதினாள். ஊசியைப் பற்றிச் சொன்னாள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது, நிமிர்ந்து நடக்கவேண்டும், பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புகிறேன், இனி ஒரு கிலோகூடக் குறையக் கூடாது என்றாள். தராசம்மாவின் காதில் பாதி விழுந்தது. மீதிப் பாதியில் 'அப்படி இருக்காதே' என்பதே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவர் ஊசியும் நூலுமாகக் காத்திருந்தார். ஊருக்கே டெய்லர் அவர். விழாவுக்காக நீலக் கவுன் ஒன்று தைத்து வைத்திருந்தார்.

"போட்டுக்கிட்டு வா. கீழ்மடிப்பு மட்டும் பாக்கி," என்றார்.

போட்டுக்கொண்டு வந்தாள். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, முன்பக்க விளிம்பைப் பிடித்தார். அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டே டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"ம்... அதானா," என்றார் டெய்லர்.

"அதானான்னா என்னங்க அர்த்தம்?"

குண்டூசி வாயில் இருக்கும்போது பேசக் கூடாது என்பது தொழில் பாடம். மனுஷர் பேசி மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஊசியாக எடுத்துக் காந்தத் தட்டில் போட்டார். முழுசாக ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஒண்ணுமில்லை. ஒன்றரை வருஷமா உன் கவுன் எல்லாம் முன்பக்கம் தரையில இழுபடுது, பின்பக்கம் தூக்கிக்குது. மொதல்ல அரை இஞ்ச் வெட்டினேன். அப்புறம் இன்னும் அரை. இதுல முக்கால் வெட்டணும்."

"அப்படின்னா?"

"முதுகு வளையுதுன்னு அர்த்தம். முதுகு வளைஞ்சா பின்பக்கத்துக்குத் துணி அதிகம் வேணும், முன்பக்கத்துக்குக் குறைச்சலாப் போதும்."

"ஒன்றரை வருஷமா தெரியும். எங்கிட்ட சொல்லணும்னு தோணலை?"

"நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த. கூன் விழுதுன்னு சொல்லி அதை எதுக்குக் கெடுக்கணும்? வயசானா விழறதுதானேன்னு நினைச்சேன். வெட்டிட்டா வெளியே தெரியாது."

"முன்பக்கத்தை வெட்டிட்டா கூன் போயிடுமா?"

டெய்லர் அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். நாற்பது வருஷத் தொழில் திறமை அத்தனையையும் பெண்டாட்டியின் கூனை மறைக்கச் செலவழித்த உத்தமர்! அவரை என்ன செய்வது? அடிக்கவா முடியும்?

"என் உடம்பு. அதுல என்ன நடக்குதுன்னு கத்தரிக்கோலுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை," என்றாள்.

"கோவப்படு. நாளைக்கு என்னை என்ன வேணாலும் பண்ணு. இன்னிக்கு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் கேக்காதே. மூணு மாசமாத் தூங்கலை அது. சுவத்துக்குச் சாயம்கூட அதுவே நின்னு அடிச்சுது."

"நான் ஏன் கேக்கக் கூடாது? கேக்கறதுக்குத் தனியா ஒரு அம்மாவை வெச்சிருக்காளா?"

முன்பக்கத்தை வெட்ட விடவில்லை அவள். தரையில் இழுபட்டால் இழுபடட்டும் என்று கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டெய்லர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

புதுக் கிளை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில். வாசலில் இங்கேயும் அதே ஆளுயரப் படம். படியேறிப் போனால் புதுச் சாய வாசனை மூக்கைத் துளைத்தது. விழா ஆறு மணிக்கு. நாலரைக்கே பெண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள். பழைய கிளையிலிருந்து மாறி வந்தவர்களும், வாசல் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் புதிதாக வந்தவர்களும் கலந்திருந்தார்கள். மேடையில் மெஷின் பளபளத்தது. இன்னொரு மெஷின் கவுண்டரை ஒட்டி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாக ஏறினார்கள்.

"அதோ, அவங்கதான்! படத்துல இருக்கறவங்க!" என்று ஒருத்தி தோழியின் விலாவில் இடித்தாள். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போன மாதம் வரை இதெல்லாம் தராசம்மாவுக்குத் தேனாக இனித்தது.

அவள் நேராகக் கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்தவள் நாற்பது வயதுக்காரி, நல்ல சுறுசுறுப்பு. மெஷின் 'பீப்' என்றது. சீட்டு வந்தது. உள்ளங்கை நீளத்துக்கு வந்தது. கவுண்டர்க்காரி அதைக் கிழித்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், குறுக்கே ஒரு வெட்டு. மேல்பாதியைச் சிரித்த முகத்தோடு நீட்டினாள். கீழ்ப்பாதி இழுப்பறைக்குள் போயிற்று.

அடுத்தவள். பீப். சீட்டு. வெட்டு. இழுப்பறை.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"வாங்கம்மா! மேடம் உள்ளே பூ அலங்காரம் பாத்துட்டிருக்காங்க."

"சீட்டை ஏன் வெட்டறீங்கன்னு கேட்டேன்."

"எடை மட்டும் குடுத்தாப் போதும்னு மேடம் சொல்லியிருக்காங்கம்மா. கீழே இருக்கிற நம்பரெல்லாம் பாத்தா குழம்பிடுவாங்களாம்."

தராசம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தராசின் முகம் வாங்குகிறவரைப் பார்த்து இருக்கவேண்டும் என்பது சட்டம். முப்பத்தோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது அதற்குத்தான். முள்ளுக்கு முன்னால் பிஸ்கட் டப்பாவை அடுக்கி வைத்த ஒருத்தனின் கடையை ஒரு வாரம் இழுத்து மூடியவள் அவள். இங்கே பெற்ற மகள் டப்பா வைக்கவில்லை, கத்தரிக்கோல் வைத்திருக்கிறாள்.

அவள் சோதிக்காமலும் இல்லை! அதுதான் வயிற்றெரிச்சல். மையம் தொடங்கிய அன்றைக்கே எடைக்கற்களைக் கொண்டுவந்து, அஞ்சு, பத்து, இருபது என்று மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். ஒரு கிராம் பிசகவில்லை. 'என் பொண்ணு மெஷின் பத்தரை மாத்து' என்று ஊரெல்லாம் சொன்னாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. வாரா வாரம் மகளே சீட்டைக் கொண்டுவந்து, கட்டிப்பிடித்து, "அரைக் கிலோம்மா!" என்று கையில் திணிப்பாள். அதை வாங்கி ஆல்பத்தில் ஒட்டினாள் இந்தப் பைத்தியக்காரி.

"என் கீழ்ப்பாதி எங்கே?"

"அம்மா, அது மேடத்தைக் கேக்காம..."

"எண் ஒண்ணு. எடுங்க."

அந்தக் குரலுக்குப் பெரிய பெரிய மண்டிக்காரர்களே கல்லாவை விட்டு எழுந்திருக்கிறார்கள். கவுண்டர்க்காரி எம்மாத்திரம்? பழைய கிளையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கட்டுகளுக்கு நடுவே, இழுப்பறையின் அடியிலிருந்து ரப்பர் போட்ட கட்டு ஒன்று வெளியே வந்தது.

முதல் சீட்டு. கொழுப்பு முப்பத்தாறு கிலோ. சதை நாற்பத்து நாலு புள்ளி ஆறு. எலும்பு இரண்டு புள்ளி நாலு.

கடைசிச் சீட்டு. கொழுப்பு இருபத்தொன்று புள்ளி ஒன்பது. சதை முப்பத்தேழு புள்ளி ஒன்று. எலும்பு இரண்டு.

கணக்குப் போட அவளுக்குப் பேப்பர் வேண்டாம். இருபத்திரண்டில் ஏழரைக் கிலோ சதை. அதோடு எலும்பும். வாரா வாரம் அது அச்சடித்துச் சொல்லியிருக்கிறது, வாரா வாரம் யாரோ வெட்டியிருக்கிறார்கள். கட்டின் நடுவில், போன வருஷத்துச் சீட்டு ஒன்றில், சதை என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் கேள்விக்குறி. மகளின் கையெழுத்தில் கேள்விக்குறி எப்போதும் தலை பெருத்து இருக்கும்.

மகள் உள்ளறையில் நாற்காலிமேல் ஏறி நின்று பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! கவுன் ஏன் இப்படி இழுபடுது? அப்பா என்ன பண்ணினார்?"

தராசம்மா சிவப்பு வட்டச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். மகள் இறங்கினாள். கதவைச் சாத்தினாள். டெய்லர் கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்.

"இது நீ போட்ட வட்டம்தானே?"

"அம்மா, இப்ப வேண்டாம்."

"என் முதுகெலும்பு உடைஞ்சிருக்குடி! வாளி தூக்கி உடைஞ்சிருக்கு! எப்ப பேசலாம்னு நாள் பாத்துச் சொல்லு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முகம் வெளுத்தது. உண்மையாகவே வெளுத்தது. அது நடிப்பில்லை என்று தராசம்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"உடையும்னு எனக்குத் தெரியாதும்மா. சதை கொஞ்சம் போகுது, அப்புறம் தேத்திக்கலாம்னுதான் நினைச்சேன். அறுபத்தெட்டுல நிறுத்திக்கோன்னு நான் சொல்லலை? நீதான் இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுன்னு நின்ன."

"நின்னேன். கைதட்டினாங்க, பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேன். சதை கரையுதுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேனா?"

"நீ நிறுத்தினா எல்லாரும் நிறுத்தியிருப்பாங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்துடுச்சுல்ல," என்றாள் தராசம்மா. "இப்ப வந்துடுச்சு."

"ரெண்டு தடவை சொல்லத்தான் வந்தேம்மா. ரெண்டு தடவையும் நீ கண்ணாடி முன்னாடி நின்னு பாடிக்கிட்டிருந்த. என் வாழ்க்கையில நீ பாடி நான் கேட்டதே இல்லை. எப்படிச் சொல்றது?"

"அதனால வெட்டின."

"இன்னிக்கு மட்டும் விட்டுடு. உன் கால்ல விழறேன். நாளைலேருந்து எல்லாருக்கும் முழுச் சீட்டு குடுக்கறேன், டாக்டரைக் கூப்பிட்டுப் பேச வைக்கறேன், சாப்பாட்டையே மாத்தறேன். இன்னிக்கு நீ வாயைத் திறந்தா எனக்கு நாளைன்னு ஒண்ணு இருக்காது."

டெய்லர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "ஒரு நாள்தானே..."

"நீங்க பேசாதீங்க. நீங்களும் வெட்டினவர்தான்."

கதவுக்கு வெளியே மறுபடி 'பீப்' என்று கேட்டது. அதைத் தொடர்ந்து கத்தரிக்கோல் சத்தம். வெளியே போய்ப் பேசினால் மகள் கட்டியதெல்லாம் இன்றோடு சரிந்துவிடும். பேசாமல் மெஷினில் ஏறி இறங்கினால் வெளியே இருக்கிற நூறு பேரும் நாளைக் காலையில் சூப்பு குடிப்பார்கள். வெறுமனே நின்று பல்லைக் காட்டத்தான் வாசலில் படம் இருக்கிறதே, அதற்குத் தான் எதற்கு?

மகள் கதவில் சாய்ந்து நின்றாள். "அம்மா."

"நகரு."

"அம்மா, ப்ளீஸ்."

"நகருடி!"

கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், மூன்று படி ஏறி மேடைக்குப் போனாள். முதுகில் வலி பிடுங்கியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மைக்கைக் கையில் எடுத்தாள்.

"கைதட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கைதட்டாதீங்க."

சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் இருபத்திரண்டு கிலோ குறைச்சேன். அதுல ஏழரைக் கிலோ என் சதை. எலும்பும் போச்சு. முதுகுல ஒரு எலும்பு உடைஞ்சு நிக்கறேன். இந்த மெஷின் அதை எனக்கு வாரா வாரம் சொல்லிச்சு, எனக்குக் குடுக்காம வெட்டி எடுத்துட்டாங்க. வெட்டினது என் பொண்ணு. மெஷின் நல்ல மெஷின்னு ஊரெல்லாம் சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்தது நான். திட்டறதுன்னா ரெண்டு பேரையும் திட்டுங்க. எடையைக் குறைக்காதீங்கன்னு சொல்ல வரலை. எது குறையுதுன்னு கேளுங்க. உங்க சீட்டோட கீழ்ப்பாதி அந்த இழுப்பறையில இருக்கு. போய் வாங்கிக்கோங்க."

முதல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பின்னால் நாலு பேர். அப்புறம் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட, கூட்டமே கவுண்டரை நோக்கித் திரும்பியது. "என் எண் முப்பத்தொன்பது!" "இருபத்தாறு, இருபத்தாறு!" கவுண்டர்க்காரி கட்டுகளை அள்ளி அள்ளி மேஜைமேல் போட்டாள். ஒரு அம்மாள் சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இன்னொருத்தி, "எங்கே அந்த மேடம்?" என்று கையை ஓங்கினாள். டெய்லர் குறுக்கே போய் நின்றார். அந்த மட்டுக்கும் மனுஷர் உபயோகப்பட்டார்.

தராசம்மா மேடையிலிருந்து இறங்கினாள். மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை. அம்மாவை வெறித்துப் பார்த்தாள். "திருப்திதானே?" என்றாள்.

"இல்லை," என்றாள் தராசம்மா.

அப்போதுதான் படியேறி ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் மருத்துவமனைப் பார்வையாளர் அட்டை இன்னும் குத்தியிருந்தது. வாசலில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார், தராசம்மாவைப் பார்த்தார்.

"நீங்கதானே அது? எங்கம்மா உங்களைப் பாத்துத்தான் சேர்ந்தாங்க. போன மாசம் குளியலறையில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. இன்னும் எழுந்திருக்கலை. இங்கே சீட்டு ஏதோ குடுக்கறாங்களாமே, கீழே மருந்து வாங்கறப்ப மைக்ல கேட்டுச்சு. எண் பதினேழு."

கவுண்டர்க்காரி கட்டுகளைப் புரட்டினாள். பதினைந்து இருந்தது, பதினாறு இருந்தது. அடுத்தது பதினெட்டு.

"மேடம்... பதினேழு இல்லையே?"

தராசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை. தோளில் மாட்டியிருந்த கைப்பையை முன்னால் இழுத்து, அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினேழின் கட்டு அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. அந்த அம்மாள் விழுந்தது போன மாதம். அப்படியானால் இவளுக்குப் போன மாதமே தெரியும். தெரிந்துகொண்டுதான் சுவருக்குச் சாயம் அடித்தாள், மேடை போட்டாள், "நீ ஏறி நின்னாப் போதும்மா" என்று நேற்று ராத்திரி கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தராசம்மா மகள் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"குடு."